இசோகுமா விழுந்தபோது சிரித்தார்கள்

ஏப்ரல் 9, ஒடவாரா

இன்றும் நாங்கள்தான் முதல் சிரிப்பு. இசோகுமா வாய் நிறையத் தண்ணீரை என் முகத்தில் துப்பினான். நான் உப்பை வாரி அவன் தலையில் கொட்டினேன். நடுவரின் பின்புறத்தில் இருவரும் சேர்ந்து ஓர் உதை. சுமோவில் எதெல்லாம் கூடாதோ அதையெல்லாம் செய்துகாட்டும் இந்த ஷொக்கிரி வேடிக்கையை ஊர் ஊராகப் பதினொரு வருடமாக ஆடுகிறோம்.

முடிந்ததும் ஒரு பெண் படம் எடுத்துக்கொள்ள வந்தாள். "நீங்க நிஜமாவும் மல்லுக்கு நிப்பீங்களா?"

"இல்லம்மா, இது வாடகைத் தொப்பை. சாயங்காலம் திருப்பிக் குடுத்துடணும்" என்றான் இசோகுமா.

அவள் சிரித்தாள். நானும்தான். பேருந்தில் ஏறிய பிறகு சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 20

கடைசிக் குட்டிக்கரணத்தில் அவனுடைய வலது முழங்கால் மடங்கிவிட்டது. கூட்டத்துக்கு அதுவும் வேடிக்கை. பேருந்தில் ஐஸ் கட்டியை வைத்து அழுத்திக்கொண்டே வந்தான்.

"ஆசானுக்குத் தெரிய வேணாம்டா. மே மாசப் பந்தயத்துல நான் இறங்கியே ஆகணும்."

சொல்லமாட்டேன் என்றேன்.

மே 11, டோக்கியோ

நாளை பந்தயம் தொடக்கம். முப்பத்தொரு வயது. பதிமூன்று வருடமாகியும் கீழிருந்து மூன்றாம் படியில் நிற்கிறேன். மேலே இரண்டு படி ஏறியவனைக் கோமாளியாக்க மாட்டார்கள். அதற்காகத்தான் ஏறவேண்டும் என்று நினைக்கிறேனா? தெரியவில்லை.

மே 24

ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி. எனக்கு! வாழ்க்கையில் முதல்முறை.

அரைமணி கழித்து இசோகுமாவுக்கும் ஏழு.

ஒரே பயிற்சிக் கூடத்து ஆட்களை எதிரெதிரே நிறுத்துவதில்லை. எங்கள் படியின் பட்டத்துக்குச் சமநிலை வந்தால் மட்டும்தான். வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும்.

சாப்பாட்டில் ஆசான் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மேடையில எவனாவது பல்லக் காட்டினீங்க, குடுமிய அறுத்து ஊருக்கு அனுப்பிடுவேன்."

இசோகுமா கிண்ணத்திலிருந்து தலை நிமிர்த்தாமல் கேட்டான்: "பாக்கறவங்க சிரிச்சா, ஆசானே?"



மே 25

முழங்காலில் வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூடுதலாகத் துணி கட்டியிருக்கிறான். பார்க்கக்கூடாது என்று நினைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 26

எழுதிவிட வேண்டும்.

எங்கள் பெயர்களைக் கூப்பிட்டதுமே மாடியிலிருந்து சிரிப்பு. யாரோ என்னைப் பார்த்துக் கத்தினார்கள்: "தானிமோரி! உப்பக் கொட்டுடா!" நான் மண்ணையே பார்த்துக்கொண்டு குந்தினேன். பிறகு நிமிர்ந்து எதிரே அவன் முகத்தைப் பார்த்தேன். பதினொரு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

மோதினோம். அவன் என்னை விளிம்புவரை தள்ளிவிட்டான். குதிகாலில் வட்டத்தைச் சுற்றிய வைக்கோல் கட்டு இடித்தது. அப்போதுதான் — இல்லை, அப்போது அல்ல, முந்தின நாளே முடிவு செய்துவிட்டேன் — கச்சையைப் பிடித்து அவனுடைய முழு எடையும் வலது காலில் இறங்கும்படி திருப்பினேன். ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டிருக்கும்.

மல்லாந்து விழுந்து அலறினான்.

அரங்கமே சிரித்தது. கைதட்டிச் சிரித்தது.

தோற்றவன் வணங்கிவிட்டுப் போக வேண்டும் என்று அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கால் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு ஒரு பக்கம் போயிற்று. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சும்மா இருங்கடா... சும்மா இருங்கடா பாவிகளா என்று கத்தியிருக்கலாம். வென்றவன் வாய் திறக்கக்கூடாது. நின்றேன். பெரிய சக்கர நாற்காலியைக் கொண்டுவந்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது, அதுவும் வரிசை வரிசையாக.

பட்டம் வாங்கினேன்.

மே 30

மருத்துவமனை. இரண்டு தசைநார்கள் அறுந்திருக்கின்றன. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"என் வலது காலத்தான தேடின?"

பொய் சொல்லலாம் என்றுதான் போனேன். "ஆமா" என்றேன்.

"நான் உன் இடது தோளத் தேடினேன். அது அடிக்கடி மூட்டு நழுவும்னு எனக்குத்தான தெரியும். நீ முந்திட்ட." பாதி ஆரஞ்சை நீட்டினான். "நீ செஞ்சது வலிக்கலடா. அவனுங்க சிரிச்சானுங்க பாரு..."

அப்புறம் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜூலை 27, நகோயா

ஒரு படி ஏறி ஆடியதில் ஒரு வெற்றி, ஆறு தோல்வி. இறங்கிவிடுவேன்.

இசோகுமா போன வாரம் குடுமியை வெட்டிக்கொண்டு சுமோவை விட்டுவிட்டான். ஊரில் அக்கா வீட்டுக்காரர் கணவாய் மீன் உலர்த்தும் கொட்டகை வைத்திருக்கிறார். உட்கார்ந்து செய்கிற வேலையாம்.

ஆகஸ்ட் 2

ஷொக்கிரிக்குப் புது ஜோடி எங்கள் கூடத்துச் சின்னப் பையன் ஹொஷினாமி. "ஆடறியா?" என்று ஆசான் கேட்டார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சரி என்று வந்தது.

ஆகஸ்ட் 14, ஹச்சினோஹே

இசோகுமாவின் ஊர். மூன்றாம் வரிசையில் அக்கா பக்கத்தில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தான். தலைமுடி குட்டையாக, யாரோ போல.

ஒவ்வொரு இடத்திலும் மற்றவர்களுக்கு ஒரு நொடி முன்பே சிரித்தான். அடுத்து என்ன வரும் என்று அந்தக் கூட்டத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே வாசலில் காத்திருந்தான். என்ன பேசுவது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அவனே ஆரம்பித்தான்.

"உப்ப அவசரப்பட்டுக் கொட்டற. அந்தப் பையன் அண்ணாந்து பாக்கட்டும். ஒரு மூச்சு பொறு, அப்புறம் கொட்டு."

"சரிடா."

அடுத்து வரும் செப்டம்பர் பந்தயத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. எனக்கும் அது பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.