நிறம் மாறாத பட்டை

அன்புள்ள உம்மாவுக்கு, மஸ்கட்டிலிருந்து மகள் மப்ரூகாவின் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்.

ஆஸ்பத்திரிச் சுவரெல்லாம் ‘தரம் எல்லார் பொறுப்பு’ என்று எழுதியிருக்கிறது. அறுவைக் கருவிப் பெட்டிக்குள் வைக்கும் சோதனைப் பட்டை நிறம் மாறவில்லையென்றால் கிருமி சாகவில்லை என்று அர்த்தம். அப்படியொரு பெட்டியை நான் திருப்பி அனுப்பினேன். அறுவை தாமதமானது.

“நீ ஒருத்திதான் இங்க யோக்கியமா?” என்றார் தலைமை நர்ஸ் ஹுனைதா. அதன்பின் கூட வேலை பார்க்கும் ஸல்வாவைத் தவிர யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை.

நேற்றும் ஒரு பட்டை மாறவில்லை. ஸல்வா அதைப் பார்த்தும் பெட்டியை மூடி அறுவை அறைக்கு அனுப்பினாள். “உன்னைப் படுத்தினதப் பாத்தேன்ல, எனக்கு வேணாம்டி” என்றாள்.

ஓடிப்போய் அதையும் நிறுத்தினேன். இப்போது அவளும் பேசுவதில்லை.

வீட்டில் அரைக்கும் மிளகாய் விழுது அனுப்புங்கள் உம்மா. சின்னப் புட்டி போதும், நான் மட்டும்தான் சாப்பிடுகிறேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

மப்ரூகா