இரண்டாவது தாழி

செப்டம்பர் 14

தாழி கழுவும் நாள். பத்தாம் வகுப்புவரை மல்காஸும் நானும் ஒரே பெஞ்சு. பிறகு அவன் வயிறு அறுக்கும் டாக்டரானான். நான் பழைய கார்களை அறுத்து உதிரிபாகம் விற்றேன். ஐம்பத்திரண்டு வயதில் மறுபடி கூட்டு. அவன் பாட்டன் கட்டிய ஒயின் அறை, என் திராட்சைத் தோட்டம், ஒயின் ஊறத் தரையில் புதைத்த இரண்டு ஆளுயரத் தாழிகள். மே மாதம் அவன் மகள் தேக்லாவுக்குக் கல்யாணம். ஞானத்தகப்பன் நான். விருந்தில் எங்கள் ஒயின் மட்டும்தான் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

முதல் தாழிக்குள் மல்காஸ் இறங்கி, செர்ரி மரப்பட்டையால் மூன்று மணி நேரம் தேய்த்தான். கடைசியாக அலசிய தண்ணீரை மொண்டு என் கண்ணெதிரே குடித்தான். கழுவியவன் குடித்தால்தான் தாழி சுத்தம். எங்கள் காகேதிப் பக்கம் அதற்குமேல் சான்றிதழ் கிடையாது.

"என்னடா, குடலைக் கழுவுற மாதிரி கழுவுற?"

"குடலுக்கு இவ்வளவு நேரம் ஆகாது. நாளைக்கு உன் முறை. தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு இறங்கு."

செப்டம்பர் 15

மல்காஸுக்கு ஆஸ்பத்திரியில் அவசரம், போய்விட்டான். தனியாக இறங்கினேன். பாதியில் போன் — துறைமுகத்தில் என் சரக்கை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தை ஏதோ தேய்த்தேன், இரண்டு முறை அலசினேன். தண்ணீர் கலங்கித்தான் இருந்தது. குடிக்கவில்லை. யார் குடிப்பார்கள் அதை?

சாயங்காலம் கேட்டான்: "குடிச்சியா?"

"குடிச்சேன்."

அக்டோபர் 6

அறுவடை முடிந்தது. பழத்தில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தாழியும் நிறைந்தன.

ஜனவரி 19

மல்காஸின் பழைய பேராசிரியர் தலைநகர் திபிலிசியிலிருந்து வந்தாராம். விருந்தாளி ஆசைப்பட்டார் என்று இரண்டாவது தாழியின் களிமண் பூச்சை உடைத்து ஒரு குடம் எடுத்திருக்கிறான். வசந்தம்வரை திறக்கவே கூடாத தாழி! எனக்குக் கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் ருசி எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. கோபத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது — அது எதற்கு?

ஏப்ரல் 11

திறந்தோம். முதல் தாழி ஒயின் தேன் நிறம், நாக்கிலேயே நின்றது. இரண்டாவதன் மூடியைத் தூக்கியதும் காடி நெடி.

மல்காஸ் சுவரில் சாய்ந்தான். "நான்தான்டா கெடுத்தேன். ஜனவரியில கைய வெச்சேன்ல."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லாததோடு விட்டேனா? பக்கத்துத் தோட்டத்து எல்குஜா வேறு எட்டிப் பார்க்க வந்திருந்தான். அவன் முன்னால் கத்தினேன்: "தாழியைத் திறக்கிறதும் வயித்தைத் திறக்கிறதும் ஒண்ணுன்னு நெனச்சியா, டாக்டர்? தையல் போட்டு மூடிடலாம்னு பாத்தியா?"

எல்குஜா சிரித்தான். மல்காஸ் தலை நிமிரவில்லை. இத்தனை வருஷத்தில் அவனை நான் டாக்டர் என்று கூப்பிட்டதே இல்லை.

ஏப்ரல் 13

ஒரு தாழி கல்யாணத்துக்குப் பத்தாது. மீதியை எல்குஜாவிடம்தான் வாங்க வேண்டும். மல்காஸே போய்க் கேட்டுவந்தான். நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 20

கெட்டதைச் சாராயம் காய்ச்ச அனுப்பினோம். காலித் தாழிக்குள் மல்காஸ் விளக்கோடு இறங்கினான். "இப்ப எதுக்குடா?" என்றேன். அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. ஏறி வந்தபோது உள்ளங்கையில் கறுப்பாக ஒரு பொருக்கு.

"இது இந்த வருஷத்து வண்டல் இல்ல. அடியில ஒட்டியிருந்த பழசு."

நான் ஏணியை எடுத்துச் சுவரோரம் சாய்த்தேன்.

"ஜும்பெர். தண்ணியைக் குடிச்சியா?"

"குடிச்சேன்னு அப்பவே சொன்னேன்ல? எத்தன தடவ கேப்ப?"

கை கழுவப் போனான். ஆபரேஷனுக்கு முன் கழுவுவதைப்போல முழங்கைவரை கழுவினான்.

மே 18

கல்யாணம். எனக்கு மணப்பெண்ணின் பக்கத்து இருக்கை. ஞானத்தகப்பனின் இடத்தை யார் மாற்ற முடியும்? எல்குஜாவின் ஒயினைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

மல்காஸ் எழுந்தான். சமையல்காரர்களிடமிருந்து ஒரு பீர் பாட்டிலை வாங்கிவரச் சொல்லி, தன் கொம்புக் குவளையில் தளும்ப ஊற்றினான். இங்கே பீரை உயர்த்தி வாழ்த்துவது வேண்டாதவனை மட்டும்தான். எனக்கு முன்பே மேசைக்குப் புரிந்துவிட்டது. கரண்டிச் சத்தம் நின்றது.

"என் சிநேகிதன் ஜும்பெர் நல்லா இருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னான். குரல் உயரக்கூட இல்லை. நான் எல்குஜா முன்னால் கத்தினேனே — அதுபோல ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். இதற்கு எப்படிப் போடுவது? எழுந்து நின்று நன்றி சொன்னேன். தேக்லா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 3

என் பம்பையும் கூடைகளையும் எடுத்துவரப் போனேன். ஒயின் அறைக்குப் புதுப் பூட்டு. மறுவீடு வந்திருந்த தேக்லா சாவியோடு வந்தாள்.

"அப்பா வீட்ல இல்ல, மாமா."

வீட்டுக்குள் மல்காஸ் இருமினான். அவளுக்கும் கேட்டது. இரண்டு பேரும் கூடைகளை வண்டியில் ஏற்றினோம்.