உன் எண் பதித்த குழாய்த் துண்டு

சாப்பாட்டு மேசையில் ஒரு சாண் நீளத்துக்கு எவர்சில்வர் குழாய்த் துண்டு ஒன்று கிடக்கிறது. நடுவில் சுற்றிலும் ஓடும் வெல்டு வரி. அதன் பக்கத்தில் அடித்துப் பதித்த உன் வெல்டர் எண். காலையிலிருந்து அதைத் தூக்கிப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாக இருக்கிறேன். ஒரு முனையை மூக்கருகே கொண்டுபோனால் இன்னமும் லேசாக ஓர் இனிப்பு வாசனை வருகிறது, தானியமும் பழமும் சேர்ந்து புளித்த மாதிரி. மேசை துடைக்க வந்த என் மனைவி, "இந்தப் பழைய இரும்ப எதுக்கு இங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். உன் கை போட்ட வெல்டு என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அதை நகர்த்தவில்லை. சுற்றித் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

டெக்லன்தான் கொண்டுவந்து கொடுத்தார். அயர்லாந்தில் நமக்கு ஏணி பிடித்தவர், பிறகு அங்கேயே விஸ்கி காய்ச்சும் வேலைக்குச் சேர்ந்தவர், அதே டெக்லன்.

நாம் அங்கே போனது தவறாகப் புரிந்துகொண்டு போனதுதான், இல்லையா? ஜோகூரில், பாசீர் கூடாங் யார்டில் நாம் வெல்டு செய்த பெரிய தொட்டிகள் கப்பலில் போயின. அவற்றைப் பொருத்திக் குழாய் இழுக்க இரண்டு வெல்டர்கள் வேண்டும் என்றார்கள். "சாப்பாட்டுச் சரக்குக்குலா, சுத்தமா இருக்கணும்," என்று மட்டும் சூப்பர்வைசர் சொன்னார். நீயும் நானும் பால் என்று நினைத்துக்கொண்டோம். அயர்லாந்து என்றால் பச்சைப் புல், மாடு, பால். வேறு என்ன தெரியும் நமக்கு?

போய் இறங்கிய மறுநாள், கடலோரத்தில் அந்தச் சின்ன ஊரில், பிளாஸ்டிக் போர்த்திய மூன்று செம்புப் பானைகளைக் காட்டி டெக்லன் பெருமையாகச் சொன்னார், விஸ்கி என்று. நீ கையுறையைக் கழற்றினாய். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"இது சாராயம் காச்சுற இடம்டா."

"விஸ்கிடா. சாராயம் வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நான் ஊருக்குப் போறேன்."

உன் அப்பா கதையை முன்பே ஒரு தடவை, லாரியில் வரும்போது சொல்லியிருந்தாய். சிம்பாங் ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில் சின்னப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் விற்ற சம்சு, மலிவுச் சாராயம். ஒருநாள் காலையில் எழுந்து, "விளக்கப் போடு, ஒண்ணும் தெரியல," என்றாராம். வெளியே வெயில் ஏறியிருந்தது. மறுநாள் போய்விட்டார். தகனம் முடிந்து வந்த அன்றைக்கே உன் அம்மா உன்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அந்தச் சத்தியத்தை நீ காத்தாய். கல்யாண வீட்டில் பீர் டின்னைக்கூட அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்க மாட்டாய்.

அன்று அம்மாவைக் கூப்பிட்டாய். நானும் கேட்கட்டும் என்று போனை மேசைமேல் வைத்தாய். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் வந்துடறேம்மா," என்றாய். அந்தப் பக்கம் அம்மா கோழிகளை விரட்டிவிட்டுப் பேசினார்.

"நீ குடிக்கப் போறியா?"

"இல்லம்மா."

"பைப்பு போடத்தானே போன? போட்டுட்டு வா. ஆனா ஒழுங்கா போடு. உங்கப்பா குடிச்சது எவனோ ஒழுங்கில்லாம செஞ்சது."

நீ மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பையில் வைத்தாய். அடுத்த நாளிலிருந்து நீ போட்ட வெல்டுகளைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. விரல் மரத்துப்போகும் குளிர். மழை நிற்கவே நிற்காது. ஒவ்வொரு இணைப்புக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பாய். உனக்குத் திருப்தி இல்லை என்றால், மேற்பார்வைக்காரர் சரி என்று சொன்னதையும் அறுத்துவிட்டு மறுபடி போடுவாய். எனக்கு எரிச்சலாக வரும். "டேய், பசிக்குது, போதும்லா," என்பேன். நீ காது கேட்காதவன் போல் இருப்பாய்.

சாப்பாட்டு இடைவேளையில் டெக்லன் ஊர்க் கதை சொல்வார். அவருடைய ஆங்கிலம் நமக்குப் பாதிதான் புரியும். ஒரு காலத்தில் அந்த நாடு முழுக்க விஸ்கி ஆலைகளாம். பிறகு ஒவ்வொன்றாக மூடி, விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியதாம். அந்த ஊர் ஆலை அவருடைய தாத்தா காலத்திலேயே மூடி, ஒரு சுவர் மட்டும் நின்றது. இப்போது ஊருக்கு ஊர் புதிதாகத் திறக்கிறார்கள், இனி எங்கள் பிள்ளைகள் பிழைக்க வெளிநாடு போகவேண்டியதில்லை என்று சொல்லும்போது அவர் முகமே வேறு மாதிரி இருக்கும். நீ சோற்றில் மிளகாய்ச் சம்பலைப் பிசைந்துகொண்டே என்னிடம் தமிழில் சொன்னாய்: "நம்ம எஸ்டேட்லயும் எல்லாரும் போயிட்டாங்க. சம்சு மட்டும்தான் போகல." அவர் என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

முதன்முதலாகக் காய்ச்சி இறக்கிய நாளில் ஊரே குடையோடு வந்து நின்றது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், பாதிரியார்கூட. மூன்று பானையிலும் ஏறி, மூன்றாவது தடவை காய்ச்சியது கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் போல ஓடி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். டெக்லன் ஒரு கைப்பிடியைத் திருப்பி, முதலில் வந்ததை வேறு பக்கம் விட்டார். ஏன் என்று நீதான் கேட்டாய். முதலில் வருவதைக் குடிக்கக் கூடாது, கெடுதல், அதை ஒதுக்கிவிட்டு நடுவில் வருவதைத்தான் எடுப்போம் என்றார்.

திரும்பிப் பார்த்தேன், உன்னைக் காணவில்லை. அந்தப் பழைய சுவருக்குப் பின்னால், மழையில், தலையில் ஒன்றும் போடாமல் நின்றிருந்தாய்.

"அவ்ளோதானாடா? ஒரு கைப்பிடியத் திருப்புறதுதானா?"

நான் என் தொப்பியைக் கழற்றி உன் தலையில் வைத்தேன்.

"எங்கப்பாவுக்கு ஊத்துனவன் அதக்கூடத் திருப்பலையேடா."

உன் அப்பா குடித்தது சரியாக வடிக்காததா, இல்லை எவனாவது தொழிற்சாலைப் பீப்பாயிலிருந்து எடுத்துக் கலந்ததா, யாருக்குத் தெரியும்? அதை யார் சோதித்தார்கள்? அன்று உன்னிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே யாரோ பாட ஆரம்பித்திருந்தார்கள். முதல் பீப்பாயில், ஆலையைக் கட்டியவர்கள் எல்லோரும் பெயர் எழுத வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நான் எழுதினேன். நீ மாட்டேன் என்றுவிட்டாய். "என் நம்பரு பைப்புல இருக்கு. அது போதும்."

மரப்பீப்பாயில் மூன்று வருடமாவது கிடந்தால்தான் அதை விஸ்கி என்று சொல்ல அந்த நாட்டுச் சட்டம் விடும் என்றார் டெக்லன். அந்த வருடங்கள் கழிந்து முதல் புட்டியின் படத்தை அவர் உனக்கு அனுப்பினார். நீ எழுதிய பதிலை என்னிடம் காட்டினாய். வாழ்த்து இல்லை, ஒன்றும் இல்லை. "ஏதாவது ஒழுகுகிறதா?" என்று மட்டும். நான் சிரித்த சிரிப்பில் யார்டு கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நீ அதிக நாள் இல்லை. வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டும்போது மார்பு வலிக்கிறது என்றாயாம். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக உன்னைக் கிடத்தியிருந்தார்கள். நான் வந்து சேரும்வரை யாரும் அதைச் சரிசெய்யவில்லை. நான்தான் இன்னொரு கையையும் மாட்டிவிட்டேன்.

டெக்லனுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் எண் உன் போனில்தான் இருந்தது. சிங்கப்பூரில் மகளைப் பார்க்க வருகிறேன், ஜோகூருக்கும் வந்து உங்கள் இருவரையும் பார்க்க வேண்டும் என்று உனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். உன் மனைவி என்னைக் கூப்பிட்டு, "நீங்களே நேர்ல சொல்லிடுங்கண்ணே, எனக்கு இங்கிலீஸ்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல," என்றது.

ஜோகூர் பாருவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். மனுஷர் ரொம்ப இளைத்துவிட்டார். மூன்று இலை போடச் சொன்னார். நான் ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எடுத்த இலை இருந்த இடத்தைக் கையால் துடைத்தார். பிறகு பையிலிருந்து இந்தத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

ஆலையை மூடிவிட்டார்களாம். அளவுக்கு மீறி ஆலைகள் திறந்துவிட்டார்கள், கிடங்கு நிறையப் பீப்பாய், நினைத்த அளவுக்கு வாங்க ஆள் இல்லை என்றார். செம்புப் பானைகளை வேறு யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள். குழாய்களை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டிருக்கிறார்கள். அறுக்க வந்தவர்களிடம் கேட்டு இந்த ஒரு இணைப்பை மட்டும் அவர் எடுத்து வைத்திருக்கிறார். "ஒழுகுகிறதா என்று அவர் கேட்டதற்கு நான் அன்று பதில் எழுதவில்லை. கேலி செய்கிறார் என்று நினைத்தேன்," என்றார். "கடைசி நாள்வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை." கடைக்காரர் வந்து இரண்டு தடவை ரசம் வேண்டுமா என்று கேட்டார். எங்கள் இருவராலும் சாப்பிட முடியவில்லை.

நேற்று சிம்பாங் ரெங்கத்துக்கு எடுத்துப் போனேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, உன் வெல்டு வரியை விரலால் சுற்றித் தடவினார்.

"இத ஏன் அறுத்தாங்க?"

"அந்த ஆலைய மூடிட்டாங்கம்மா."

நல்லதாகப் போச்சு என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை.

"அப்ப அந்த ஊரு ஆளுங்க வேலைக்கு எங்க போவாங்க?"

 துண்டை என் மடியில் வைத்தார். "நீயே வச்சுக்கய்யா. இங்க இருந்தா நான் இதையே தடவிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

எனக்கு அலுத்துவிட்டதடா. முட்டி வலிக்கிறது, கண் மங்குகிறது. யார்டில் இப்போது வேறு ஏதோ நாட்டுக்குத் தொட்டி செய்கிறோம். எதற்கு என்று நான் கேட்பதில்லை. இன்னும் எத்தனை காலம் அது நிற்கும் என்றும் கேட்பதில்லை. ஆனால் உன் பழக்கம் ஒன்று மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெல்டு போட்டு மின்சுடரை அணைத்த பிறகும் நீ கையைத் தூக்க மாட்டாய். கையிலிருக்கும் வெல்டிங் குழலிலிருந்து காப்பு வாயு இன்னும் வந்துகொண்டிருக்கும். சூடான இரும்பில் வெளிக்காற்று பட்டால் கறுத்துவிடும் என்று, அது ஆறும்வரை அங்கேயே பிடித்துக்கொண்டிருப்பாய். போன வாரம் புது சூப்பர்வைசர் என் பின்னால் வந்து, "அங்கிள், முடிஞ்சிருச்சுதானே? அடுத்தது போங்க," என்றான்.

"இன்னும் ஆறலப்பா," என்றேன். கையை எடுக்கவில்லை.