மூன்றாம் இடத்து ஜெனரல்

குடியேற்ற ஆண்டு 31, நாள் 214. காலை 8:40

பதிவு: மேஜர் ஜெனரல் குழல்வாய்மொழி, பொறியியல் படை. இடம்: செவ்வாய், வடதுருவக் குழாய்ப்பாதை, ஆறாம் பம்ப் நிலையத்துக்கு வடக்கே.

குழாய் அழுத்தம் சரி. ஏழாம் வால்வின் சூடேற்றி பழுது, மாற்றியாயிற்று. ஓட்டுநர் கதிரேசனுக்குக் காய்ச்சல். ஆறாம் நிலையத்தில் படுக்க வைத்துவிட்டு நானே ஓட்டி வந்தேன். தனியாக ஓட்டக் கூடாது என்பது விதி. விதியை எழுதியவள் நான்தான்.

இன்று ஊரில், செங்கரையில், படை ஆட்சிக் குழு கூடுகிறது. எனக்கும் அழைப்பு உண்டு. தலைமைத் தளபதி ஏகாம்பரம், அவருக்கு அடுத்து துணைத் தளபதி, அதற்கடுத்து நான். பத்து வருடமாக இதே வரிசை. நான் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் தேநீரைக் கலக்குவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பதைவிட இங்கே ஸ்பேனர் பிடிப்பது மேல் என்று வந்துவிட்டேன். வந்ததிலிருந்து அங்கே என்ன பேசுகிறார்கள் என்றே மனம் அரிக்கிறது.

நாள் 214. 11:15

வண்டி சரிந்துவிட்டது. மணல் மேடு என்று நினைத்த இடம் உள்ளே வெறும் பொந்து. முன் அச்சு முறிந்தது. கூரையிலிருந்த சூரியத் தகடு பிய்ந்து போயிற்று.

காற்று கசியவில்லை. ஆக்சிஜன் இரண்டு நாளுக்கு உண்டு. மின்கலம் மட்டும்தான் கவலை: வண்டியின் சூட்டுக்கும் என் உடுப்பின் சூட்டுக்கும் ரேடியோவுக்கும் அது ஒன்றே. ஆறாம் நிலையம் நடக்கிற தூரமில்லை. அங்கே வேறு வண்டியும் இல்லை.

செங்கரை தகவல் மையத்தில் ஹவில்தார் ஜொவிட்டா பணியில் இருக்கிறாள்.

"மேடம், மீட்பு வண்டிக்குச் சொல்லியாச்சு. ராத்திரிக்குள்ள வந்துரும். கை காலு நல்லாருக்கா?"

"நல்லாருக்கு. ஏழாம் வால்வு மாத்தியாச்சுன்னு எழுதிக்கோ."

"வால்வு கெடக்கட்டும் மேடம்! போர்வையப் போத்திட்டு உக்காருங்க."

சூட்டைக் குறைத்து வைத்தால் விடியும் வரை தாங்கும். ரேடியோவைத் தொடாமல் இருந்தால்.

நாள் 214. 12:50

ஜொவிட்டா கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

"மேடம், தளபதி ஐயா வந்த கலம் எறங்குதளத்துல நொறுங்கிருச்சு. துணைத் தளபதியும் அதுலதான் இருந்தாங்க. ரெண்டு பேரும்... யாரும் மிஞ்சல."

"உறுதியா?"

"உறுதிதான் மேடம். அப்போ இனி நீங்கதான்."

"நான்தான் என்ன?"

"நீங்கதான் தலைவர், மேடம்."

இணைப்பைத் துண்டித்தேன். முதலில் வந்தது துக்கமல்ல. இந்தப் பதிவைப் படிப்பவர் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும். நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. எழுந்து நிற்கப் பார்த்துக் கூரையில் தலையை இடித்துக்கொண்டேன்.

நான் சேர்ந்தபோது பொறியியல் படையில் வேறு பெண் இல்லை. உடுப்பு ஆண் அளவு. இடுப்பில் ஒயரைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். ஊரை மூடியிருக்கும் பெருங்கூரை விரிசல் விட்டு, இருந்த நீரெல்லாம் ஆவியாகி, ஊரே தண்ணீருக்குத் தவித்த வருடம், துருவப் பனியிலிருந்து இந்தக் குழாயை இழுத்து வந்தேன். அதன் பிறகு என்னை ஒதுக்க முடியவில்லை. குழுவில் ஓர் இடம் கொடுத்தார்கள். அதே வருடம்தான் படை ஆட்சியை எடுத்துக்கொண்டது. ஆறு மாதத்துக்கு மட்டும் என்றார் ஏகாம்பரம். பதினாறு வருடம் ஆகிவிட்டது. குடிமக்கள் அவை இன்றும் பெயருக்குத்தான் கூடுகிறது.

இப்போது எல்லாம் என் கையில். என் கையோ இந்தப் பெட்டிக்குள்.

நாள் 214. 14:05

பாதுகாப்புப் படைக் கர்னல் வைத்திலிங்கம் ரேடியோவில் வந்தார். இதுவரை என்னை மேடம் என்று கூப்பிட்டவர். இன்று அம்மா என்கிறார்.

"அம்மா, ஊர் கொந்தளிச்சுப் போயிருக்கு. நான் ஊர்க் கேட்டெல்லாம் சாத்திட்டேன். அவசரநிலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"மீட்பு வண்டி எங்க?"

"கேட்டுலதாம்மா நிக்குது. கெளம்பறதுக்குள்ள சாத்த வேண்டியதாப் போச்சு."

"திறந்து விடுங்க."

"திறக்கணும்னா அதிகாரம் வேணும். அதிகாரத்துக்கு அவசரநிலை வேணும். தப்பா எடுத்துக்காதீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அவைய என்ன செய்யப் போறீங்க?"

"கலைச்சிருவோம். ஆறே மாசம், அம்மா. அதுக்கப்புறம் நீங்களே கூட்டிக்கோங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பொறுமையாகக் காத்திருப்பதாகச் சொன்னார். வெளியே மைனஸ் எழுபது என்பது அவருக்கும் தெரியும்.

நாள் 214. 14:40

உட்கார முடியவில்லை. மூன்று அடி இடத்தில் குனிந்தபடியே திரும்பித் திரும்பி நிற்கிறேன்.

அவசரநிலை என்று சொல்லிவிடலாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் ரத்து செய்துவிடலாம். ரத்து செய்வேனா? பள்ளிக்கூடங்கள், இரண்டாவது குழாய், தண்ணீர்ப் பங்கீடு: செய்ய வேண்டியதெல்லாம் தலைக்குள் வரிசைகட்டி நிற்கிறது. ஆறு மாதம் போதாது. ஒரு வருடம் வேண்டும். இரண்டு.

ஏகாம்பரமும் கெட்ட மனிதர் அல்ல. அவரும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்.

நாள் 214. 15:30

குழாய்ப்பாதைக்கென்று தனி அலைவரிசை உண்டு. எல்லாப் பம்ப் நிலையத்திலும், கேட்டுகளின் இயந்திர அறைகளிலும் அது கேட்கும். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் என் ஆட்கள். ஆனால் அத்தனை இடத்துக்கும் எட்டப் பேசினால் மின்கலம் கரைந்துவிடும்.

சூட்டை நிறுத்தினேன். பேசினேன்.

"குழல்வாய்மொழி பேசறேன். தளபதியும் துணைத் தளபதியும் இறந்துட்டாங்க. சட்டப்படி இப்போ தலைவர் நான். என் உத்தரவு இது ஒண்ணுதான். படை ஆட்சி இந்த நிமிஷத்தோட முடிஞ்சுது. முழு அதிகாரமும் குடிமக்கள் அவைக்கு. அவைத் தலைவர் கமருன்னிசா சொல்றதுதான் இனி உத்தரவு. கேட் பொறியாளர்களே, கேட்டைத் திறங்க. யாரு மேலயும் கை வைக்காதீங்க."

இருமுறை சொன்னேன். இரண்டாம் முறை பற்கள் தட்டின.

ஜொவிட்டா குறுக்கே வந்தாள்: "ஊர் ஸ்பீக்கர் பூராத்துலயும் போட்டு விட்டுட்டேன் மேடம்! கர்னல் ஆளுங்க இங்க கதவ ஒடைக்காங்க..."

பிறகு இரைச்சல் மட்டும்.

நாள் 214. 17:10

பதில் இல்லை. அந்தப் பெண்ணை என்ன செய்தார்கள்? உடுப்பின் சூட்டை மட்டும் குறைவாக வைத்திருக்கிறேன். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரேடியோவைத் திறக்கிறேன். திறக்கக் கூடாது. திறக்கிறேன்.

நாள் 214. 18:00

"மேடம்! இருக்கீங்களா மேடம்?"

ஜொவிட்டாதான். கேட் ஆட்கள் இயந்திர அறையிலிருந்து கேட்டைத் திறந்துவிட்டார்களாம். சனம் தெருவில் இறங்கிவிட்டது. கர்னலின் ஆட்களே கதவை உடைப்பதை விட்டுவிட்டு நின்றார்களாம். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

"வண்டி கெளம்பிருச்சு மேடம். எட்டு மணி நேரத்துல வந்துரும். பேட்டரி எவ்வளவு இருக்கு?"

மின்கல அளவியின் முள்ளைப் பார்த்தேன். மூன்று மணி நேரம்கூட வராது.

"போதும்," என்றேன்.

நாள் 214. 19:35

மறுபடி ஜொவிட்டா. இந்த முறை தயங்கினாள்.

"மேடம், அவை கூடிருச்சு. மொதத் தீர்மானமும் போட்டாச்சு. இத நான் படிக்கணுமா?"

"படி."

"படை ஆட்சிக் குழுவுல இருந்த எல்லாரையும் காவல்ல எடுத்து விசாரிக்கணுமாம். கர்னல் பேரு இருக்கு. உங்க பேரும் இருக்கு மேடம். வர்ற வண்டியிலயே வாரண்ட் குடுத்து விட்ருக்காங்க. நீங்கதான அவங்களுக்கு எல்லாத்தையும் குடுத்தீங்க! இது என்ன ஞாயம்?"

"அழாதே. கமருன்னிசா கையெழுத்தா?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் இருக்கும். ரேடியோவ நிறுத்தறேன்."

நாள் 214. 20:

கோபம் வந்தது. போய்விட்டது. கோபத்துக்கும் சூடு வேண்டும்போல.

விசாரிக்கட்டும். நான் அங்கே இருக்க வேண்டும். நின்று பதில் சொல்ல வேண்டும். இந்தக் கால் இரண்டையும் உணர முடியவில்லை. இருந்தாலும் நிற்க வேண்டும். கமருன்னிசா என்ன கேட்பாள் என்று தெரியும். இத்தனை வருடம் இவர்களோடு ஏன் இருந்தாய்.

தண்ணீருக்காக என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

கண்டெடுப்பவர் இதை அவையில் உரக்கப் படிக்க வேண்டும். இது என் வாக்குமூலம். நான் ஏன் எழுந்து போகவில்லை என்றால்