பக்கத்து வீட்டுக் காக்கிச் சட்டை

பரணில் பெரிய குண்டானைத் தேடப் போனேன், ஜிம்மியின் சங்கிலி கையில் அகப்பட்டது. துருவேறிக் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்றான் நம் மகன். போடா, உன் வேலையைப் பார் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். நாயை ஒரு நாளும் கட்டிப்போட விடாத மனுஷன் நீங்கள். சங்கிலி மட்டும் எதற்கு வாங்கினீர்களோ!

நெய்வேலி குவார்ட்டர்ஸில் அதற்குச் சோறு போட்டதெல்லாம் நான்தான். ஆனாலும் அது உங்கள் நாய். நீங்கள் மைன்ஸிலிருந்து உடம்பெல்லாம் நிலக்கரித் தூசும் கிரீஸுமாக வந்தால், குளிக்கக்கூட விடாமல் மேலே ஏறி மோந்துகொண்டே இருக்கும். கட்டின பெண்டாட்டி ஒருத்தி இங்கே நிற்கிறேன் என்று கத்துவேன். நீங்கள் சிரிப்பீர்கள்.

நீங்கள் ரிட்டயரான வருஷம் அதற்குக் கண் முழுசாகப் போயிருந்தது, காதும் மந்தம். மோப்பம்தான் மிச்சம். நீங்களோ விடிந்ததும் குளித்து, பவுடர் பூசி, வெள்ளை வேட்டியில் நாள் முழுக்க வீட்டிலேயே. அதற்கு நீங்கள் யாரோ ஒரு ஆள். கையை நீட்டினால் மோந்து பார்த்துவிட்டு வாசலுக்கே போய்விடும். ஷிப்ட் விடும் நேரத்தில் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

"நான் வூட்லயே இருக்கேன், அது என்னை வாசல்ல தேடிக்கினு கெடக்குது பாரு" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள்.

பிறகு பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. தண்ணீர்கூட இறங்கவில்லை. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இனி வதைக்க வேண்டாம், நாளைக்கு மத்தியானம் வந்து ஊசி போட்டுவிடுகிறேன் என்றார். நீங்கள் பக்கத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டே அது போய்விடுமே என்பதுதான் உங்கள் கவலை. பழைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிப் பார்த்தீர்கள். நான் துவைத்துத் துவைத்து மடித்து வைத்தது, சோப்பு வாசனைதான் வந்தது. ஜிம்மி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மறுநாள் மைன்ஸில் முதல் ஷிப்ட் முடிந்து பக்கத்து வீட்டு ஸ்டீபன் சைக்கிளை விட்டு இறங்குவதற்குள் எதிரே போய் நின்று, அவர் சட்டையைக் கேட்டீர்கள். அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு பனியனோடு நின்றார்.

வேர்வை காயாத அந்தச் சட்டையோடு தரையில் உட்கார்ந்தீர்கள். முதலில் ஜிம்மியின் மூக்கு அசைந்தது. அப்புறம் வால் தரையில் தட்டியது. இழுத்து இழுத்து ஊர்ந்து வந்து உங்கள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வந்துட்டேன்டா, ட்யூட்டி முடிஞ்சிடுச்சி" என்றீர்கள். பிள்ளைகளுக்குப் போடுவதுபோல அதன் நெற்றியில் சிலுவை போட்டீர்கள். நாய்க்கா என்று எனக்கு வாய்வரை வந்தது. அதற்கப்புறம்தான், ஊசியோடு நின்ற டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தீர்கள்.

முருங்கை மரத்தடியில் புதைத்தோம். சட்டையைத் துவைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் அக்கா, நாளைக்கும் கரிதானே என்று ஸ்டீபன் வாங்கிக்கொண்டு போனார்.

கடைசியில் நீங்களும் அப்படித்தான் ஆனீர்கள். பிள்ளைகளைத் தெரியவில்லை, என்னையும் தெரியவில்லை. கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வீர்கள். ஃபாதர் நற்கருணையோடு வருகிறார், குளித்து நல்ல புடவை கட்டிக்கொள் என்றாள் மகள். எனக்கு வந்ததே ஆத்திரம்! முடியாது போடி என்று, மீன் கழுவின கையோடு, அந்த அழுக்குப் புடவையோடு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்: "கொழம்பு கொதிச்சிடுச்சா?"

"கொதிச்சிடுச்சிங்க."

அடுப்பே பற்றவைக்கவில்லை. நான் உங்களிடம் கடைசியாகச் சொன்னது அந்தப் பொய்தான். எத்தனையோ தடவை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்விட்டேன். அதை மட்டும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.