குன்று தெரிந்த வாரம்

அடிலெய்டு, ஆஸ்திரேலியா
3 மார்ச் 2003

அன்புள்ள கிளிஃப்,

சந்தை, கடை, சரக்கு என்று ஓடிக்கொண்டிருப்பாய். எனக்காகக் கொஞ்ச நேரம் உட்கார். உன் அம்மா, எட்னா அத்தை, எப்படி இருக்கிறார்? முதியோர் இல்லத்துச் சாப்பாடு அவருக்குப் பிடிக்கிறதா?

நம் ஹார்க்லிஃப் நூலகம் பழைய தெருக்களைப் பற்றி ஒரு புத்தகம் போடுகிறது. ஆல்மா தெரு என் பொறுப்பு. இவ்வளவு தூரத்தில் இருப்பவளிடம் ஏன் கொடுத்தார்கள் என்று கேட்காதே. கேட்டு வாங்கிக்கொண்டேன். இங்கே நாற்பது டிகிரி வெயிலில் உட்கார்ந்து நம் ஊர் மழையைப் பற்றி எழுதுவது தனி சுகம்.

மில் விடுமுறை வாரத்தைப் பற்றி எழுதிய பகுதி இதோ:

"ஜூலையில் மில்கள் மூடும் வாரத்தில் ஊரே பூட்டிக்கொண்டு பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் அங்கே பக்கத்து அறைக்காரர். கழுதைச் சவாரி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு கடலில் நிற்கும் அப்பாக்கள், மணலோடு சேர்த்துத் தின்ற வறுத்த மீன். 1957ஆம் வருடம் ஆல்மா தெருவில் ஒரு வீடுகூடப் பின்தங்கவில்லை."

எப்படி இருக்கிறது? தெருக்காரர்கள் எல்லாரும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திடுகிறார்கள். உன்னுடையதும் வேண்டும். மறுக்காதே.

என்றும் உன் எதிர்வீட்டுக்காரி,
பெரில்

-----

ஹார்க்லிஃப்
இங்கிலாந்து, 14 மார்ச் 2003

பெரில்,

கடை நலம். நானும் நலம். அம்மாதான் சரியில்லை. நெஞ்சுச் சளி இறங்கவில்லை. இந்த வசந்தத்தைத் தாண்டட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

நான் பீங்கான் வியாபாரி. தள்ளுவண்டியில் தட்டும் கோப்பையும் கூவி விற்று மேலே வந்தவன். விரிசல் விட்ட தட்டை விரிசல் விட்ட தட்டு என்று சொல்லித்தான் விற்பேன். மறைத்து விற்றால் வாங்குகிறவள் வீட்டில் போய்க் கண்டுபிடிப்பாள், அப்புறம் என் கடைப் பக்கமே வரமாட்டாள். உன் சரக்கில் ஒரு விரிசல் இருக்கிறது. "ஒரு வீடுகூடப் பின்தங்கவில்லை" என்கிற வரியை எடு.

நாங்கள் போகவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருடம் தறி அப்பாவின் கையைக் கடித்துவிட்டது, வேலை இல்லை. போகவில்லை என்று தெருவில் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. வாசல் பக்கத் திரைகளை இழுத்து மூடினாள். ஊருக்குப் போகிறோம், பால் வேண்டாம் என்று பால்காரனிடம் சொல்லிவிட்டாள். வாரம் முழுக்கக் கறுப்புத் தேநீர். புகை தெரியும் என்று அடுப்பு மூட்டவில்லை, ரொட்டியில் மாட்டுக்கொழுப்பைத் தடவித் தின்றோம். பின்பக்கச் சமையலறையில் மூன்று பேரும் கிசுகிசுத்துக்கொண்டு சீட்டாடினோம். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்து இருமவேண்டும்.

சனிக்கிழமை ஊர் திரும்பும் ரயில் வந்தபோது பெட்டியோடு பின்சந்து வழியாக ஓடி, ரயிலடிக் கூட்டத்தில் கலந்து, எல்லாரோடும் முன்வாசல் வழியாக வந்தோம். கிளம்புமுன் அம்மா என் கன்னத்தை முரட்டுத் துண்டால் தேய்த்தாள். "வெயில் பட்ட மாதிரி இருக்கணும்டா. அழாதே, அழுதா வெளுத்துடும்." எனக்கு ஏழு வயது.

மறுநாள் வாசலில் தெருவே நின்று கடற்கரைக் கதை பேசிக்கொண்டிருந்தது. உன் அம்மா நேராக என்னிடம் வந்து ஓர் இனிப்புக் குச்சியை நீட்டினாள். கடற்கரைக் கடைகளில் விற்கும் அந்த இளஞ்சிவப்புக் குச்சிதான், எங்கே கடித்தாலும் உள்ளே அந்த ஊர்ப்பெயர் ஓடுமே, அது. "எங்க பெரில் உனக்குன்னு வாங்கினா கண்ணு" என்றாள். நான் வாயில் வைப்பதற்குள் என் அம்மா பிடுங்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்பில் போட்டாள். அதோடு உன் அம்மாவிடம், நெல்லி அத்தையிடம், பேச்சை நிறுத்தியவள்தான். 1964இல் நீங்கள் கப்பலேறக் கிளம்பியபோது தெருவே கையசைத்தது, அம்மா திரைக்குப் பின்னால் நின்றாள்.

கடற்கரைக்கே போய்வந்தவனுக்கு அங்கே விற்கிற குச்சி எதற்கு? நாங்கள் போகவில்லை என்று கண்டுபிடித்து, குத்திக்காட்டத்தான் உன் அம்மா அந்தக் குச்சியைக் கொடுத்தாள். நான் அப்படித்தான் நினைக்கிறேன். என் அம்மா வாய் திறந்து சொன்னதில்லை, ஆனால் அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

உன் புத்தகத்தை இல்லத்தில் யாராவது அவளுக்குப் படித்துக்காட்டுவார்கள். சாகப்போகிற நேரத்தில் அவள் மறுபடியும் திரையை இழுத்து மூடிக்கொண்டு உட்காரக் கூடாது. வரியை எடு. எடுக்காவிட்டால் என் கையெழுத்து கிடையாது.

கிளிஃபர்ட் ஓர்மராட்

-----

அடிலெய்டு
26 மார்ச் 2003

அன்புள்ள கிளிஃப்,

உன்னிடமிருந்து எனக்கு வந்த முதல் நீளமான கடிதம் இதுதான். அதுவும் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு.

எட்னா அத்தைக்கு உடம்பு முடியவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. ஆனால் என் அம்மா குத்திக்காட்டுகிறவள் இல்லை. செத்துப்போனவளைப் பற்றி இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

"பெரும்பாலான வீடுகள்" என்று மாற்றினால் போதுமா? அதற்கு மேல் முடியாது. பழைய ஊரைப் படிக்கிறவர்கள் சந்தோஷத்துக்காகப் படிக்கிறார்கள். நீ அன்றைக்கும் இப்படித்தான். பள்ளிக்கூட நாடகத்தில் நான் தேவதையாக வந்து நின்றபோது, "அந்த இறக்கை அட்டை! பிஸ்கட் பெட்டி அட்டை!" என்று முதல் வரிசையிலிருந்து கத்தினவன்தானே? இன்னும் மேடையில்தான் நிற்கிறேன், நீயும் இன்னும் கத்துகிறாய்.

சண்டை வேண்டாம். அடுத்த பகுதியை அனுப்புகிறேன். இதிலாவது குற்றம் கண்டுபிடிக்காமல் இரு:

"எங்கள் வீட்டு மாடியில் என் படுக்கையறை ஜன்னல் மேற்குப் பக்கம். 1957 கோடையில், மில் சங்கு ஊதாத ஒரு காலையில் அங்கே நின்றேன். கிரேஸ்டோன் குன்று கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. மேயும் ஆடுகளைக்கூட எண்ண முடிந்தது. எவ்வளவு அழகான ஊரில் பிறந்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்."

அன்புடன்,
பெரில்

-----

ஹார்க்லிஃப்
5 ஏப்ரல் 2003

பெரில்,

இரண்டு தடவை படித்தேன். பிறகு கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஆல்மா தெருவுக்கே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ இங்கே இருந்த காலத்தில் உன் ஜன்னலிலிருந்து குன்று தெரியாது. எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாது. அத்தனை மில் புகைபோக்கியும் கக்கியதில் தெருக்கோடியே மங்கல். துவைத்துக் காயப்போட்ட துணி கரியோடு உள்ளே வரும். ஞாயிற்றுக்கிழமை மில் நின்றாலும் வீட்டு அடுப்புப் புகை நிற்காது. மில்லும் அடுப்பும் சேர்ந்து அணைந்தது வருடத்தில் ஒரே ஒரு வாரம்தான். அந்த வாரம் மாடித் திரை இடுக்கு வழியாக, உன் வீட்டுக் கூரைக்கு மேலே, நானும் அந்த ஆடுகளைப் பார்த்தேன். கடற்கரைக்குப் போனவன் எவனும் அதைப் பார்த்திருக்க முடியாது.

நீயும் வீட்டில்தான் இருந்திருக்கிறாய்.

பெரில், எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. ஊர் காலி. தெருவில் இரண்டே வீட்டில் ஆள். இரண்டு வீடும் ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. யாரிடமிருந்து ஒளிந்தோம்? உங்களிடமிருந்து! நீங்கள்? எங்களிடமிருந்து!

புத்தகம் எப்படியோ போகட்டும். நீ என் அம்மாவுக்கு ஒரு வரி எழுது. "நாங்களும் போகவில்லை" என்று. அவ்வளவுதான். நான் சொன்னால் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்பாள். நீ சொன்னால் நம்புவாள். நெல்லி தன்னைக் கேலி செய்யவில்லை என்று தெரிந்துகொண்டு அவள் கண்ணை மூடட்டும்.

சீக்கிரம் எழுது.

கிளிஃப்

-----

ஹார்க்லிஃப்
2 மே 2003

பெரில்,

ஒரு மாதம் ஆகப்போகிறது. தபால்காரனே என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போகிறான். தொலைபேசியில் உன் மகள், "அம்மா தோட்டத்துல இருக்காங்க" என்கிறாள். மூன்று தடவையும் தோட்டம். அங்கே என்ன, காடு வளர்க்கிறாயா?

நேற்று அம்மாவுக்கு மூச்சிரைப்பு அதிகம். நான் உன்னிடம் கேட்டது ஒரு வரி. கொடுக்க மனமில்லை என்றால் இல்லை என்று எழுது. எனக்கு இந்த மௌனம் பிடிக்காது. வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆளை மதிப்பேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

கிளிஃப்

-----

அடிலெய்டு
8 மே 2003

கிளிஃப்,

தோட்டத்தில் இல்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொன்ன கதை அந்த பிளாக்பூல் வாரம்தான். அவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். கழுதைக்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறேன். நான் அந்தக் கழுதையைப் பார்த்ததே இல்லை, கிளிஃப்.

வருடம் முழுக்க விடுமுறைக்கென்று சேர்த்ததை அப்பா குதிரைப் பந்தயத்தில் விட்டுவிட்டார். அம்மா திரையை மூடினாள். பாலை நிறுத்தினாள். நீ எழுதியதைப் படித்தபோது எங்கள் வீட்டை யாரோ எட்டிப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. சனிக்கிழமை நாங்களும் பின்சந்து வழியாகத்தான் ரயிலடிக்குப் போனோம், எங்கள் பக்கத்துச் சந்து. அடுத்த கடற்கரை ஊரான மோர்கமில் ஓட்டல் வேலை பார்த்த டோரிஸ் பெரியம்மா எனக்கு ஓர் இனிப்புக் குச்சி அனுப்பியிருந்தாள். "இதை எதிர்வீட்டுப் பையனுக்குக் கொடுத்தா, போயிட்டு வந்தோம்னு எல்லாரும் நம்புவாங்க" என்றாள் அம்மா. நான் அழுதேன். அது என் குச்சி.

என் அம்மா கேலி செய்யவில்லை. பயந்துபோயிருந்தாள்.

எட்னா அத்தைக்குத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். படித்துக்காட்டு. விடுமுறைப் பகுதி முழுவதையும் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டேன். திருப்திதானே?

பெரில்

-----

ஹார்க்லிஃப்
19 மே 2003

அன்புள்ள பெரில்,

திருப்தி இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உன் தாளைப் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும் பக்குவமாகச் சொன்னேன்.

"அம்மா, நெல்லி அத்தையும் அந்த வாரம் போகலையாம்."

"தெரியுமே."

"என்னது?"

"அந்தக் குச்சி முனையில மோர்கம்னு எழுதியிருந்துச்சுடா. பிளாக்பூல் போனவ மோர்கம் குச்சிய எங்க வாங்குவா? அவசரத்துல பார்க்காம விட்டுட்டா, பாவம்."

"அப்புறம் எதுக்கு என் கையிலேர்ந்து பிடுங்கினே? நான் அதுக்கு எவ்வளவு அழுதேன்!"

"உனக்கு அப்பத்தான் படிக்க வந்திருந்துச்சு. சோப்பு டப்பா, பஸ் நெத்தி, ஒண்ணையும் விடமாட்டே, தொண்டை கிழியப் படிப்பே. தெருவே வாசல்ல நிக்குது. நீ 'மோர்கம்'னு ஒரு கத்து கத்தியிருந்தா நெல்லி கதி என்னடா? உனக்கு எப்பவும் வாய் நிக்காது. உங்க அப்பா மாதிரி."

நான் பிஸ்கட் பெட்டி அட்டை என்று கத்தினவன்தானே.

"சரி, அதுக்காக அவங்ககிட்ட கடைசி வரைக்கும் பேசாம இருந்தியே?"

"பேசினா என்ன பேச்சு வரும்? பிளாக்பூல் எப்படி இருந்துச்சு, அதுதான். அவ ஒரு பொய் சொல்லணும், நான் ஒரு பொய் சொல்லணும். அவளப் பார்த்துக்கிட்டு எனக்கு அது வராது." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "எதிர்வீட்டுலதான்டா இருந்தா. ஒரு தட்டுத் தட்டியிருந்தா சேர்ந்து டீ குடிச்சிருக்கலாம். பால் இல்லாட்டி என்ன" என்றாள்.

பெரில், இவ்வளவு காலமும் நான் அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் உன் அம்மாவின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், என்னிடமிருந்து.

நீ அந்தப் பகுதியை எடுத்துவிட்டதைச் சொன்னேன். வந்ததே கோபம்.

"எடுத்துட்டாளா? யாரு எடுக்கச் சொன்னா? நீயா? வைக்கச் சொல்லு. நெல்லி போனா. நானும் போனேன். எல்லாரும் போனோம்."

"அம்மா, அது பொய்."

"உன் கடையில விரிசல் தட்டு வாங்குறவங்க எல்லாம் ஏமாந்தா வாங்குறாங்க? தெரிஞ்சேதானே வாங்குறாங்க. போடா."

ஆகவே, என் விருப்பத்துக்கு முழுக்க விரோதமாகச் சொல்கிறேன்: அந்தப் பகுதியை அந்த வரியோடு திரும்பப் போடு. ஒரு வீடுகூடப் பின்தங்கவில்லை. கையெழுத்திட்ட பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். குன்றைப் பற்றிய பகுதியை மட்டும் தொடாதே. அம்மா அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

இன்னொன்று. நேற்று அவள் என்னை மோர்கமுக்கு விரட்டினாள். மழையில் காரை ஓட்டிக்கொண்டுபோய் இரண்டு குச்சி வாங்கி வந்தேன். ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள், பல் இல்லாவிட்டாலும். மற்றது இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. உன்னுடையதைத் திருப்பிக் கொடுக்கிறாளாம்.

வேறு என்ன எழுத என்று கேட்டேன்.

"படிக்காம தின்னச் சொல்லு" என்றாள்.

உன் எதிர்வீட்டுக்காரன்,
கிளிஃப்