அசையாமல் நின்ற ஹெலிகாப்டர்

ஆடி, ஞாயிறு.

இன்று என் ரிமோட் ஹெலிகாப்டர் அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்றது. சந்தோஷப்படத்தான் வேண்டும். முடியவில்லை.

கீரனூர்க் கண்மாய்ப் பொட்டலில் ஆடிக் காற்று ஆளையே தள்ளியது. இத்தனை மாதமாக இடப்பக்கமே நழுவிப்போன சனியன், இன்று ஆணியில் மாட்டியதுபோல் நின்றது. எனக்கு ஓட்டக் கற்றுத்தரும் ஆரோக்கியம் வழக்கம்போல் எனக்குப் பின்னால் நின்றான். அவன் ரிமோட்டும் என்னுடையதும் இணைந்தவை. நான் தடுமாறினால் ஒரு சுவிட்சைத் தட்டி அவன் கைக்கு வாங்கிக்கொள்வான். எனக்குத் தெரியாமலும் வாங்கலாம்.

இறக்கியதும் கேட்டேன்: "நீ ஏதும் தொட்டியா?"

"நான் சும்மாதான் நின்னேன் மாப்ள. ஒனக்குக் கை படிஞ்சிருச்சு. கும்பாபிஷேகத்துக்கு நீயே ஓட்டு. அன்னைக்கு எனக்குத் திருச்சியில வேலை இருக்கு."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஹெலிகாப்டரின் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கலசத்துக்கு நேர் மேலே நிறுத்திப் பூக்கொட்ட வேண்டும். ஊரே அண்ணாந்து பார்க்கும். நான் சொதப்பினால் அடுத்த கோயிலுக்கு யாரைக் கூப்பிடுவார்கள்? அவனைத்தான். சேச்சே, ஆரோக்கியம் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனாலும் திருச்சியில் அப்படி என்ன வேலை?

படுத்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நடுவில் என் கண்ணில் தூசி விழுந்தது. ரிமோட்டைக் கழுத்துவாரில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோதும் ஹெலிகாப்டர் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.